யாரும் கேட்காத பச்சைக் கார்

என் கணவர் கைபேசியில் பழைய அமெரிக்கக் கார்களைப் பார்க்க ஆரம்பித்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு வருடமாகக் கடை மூலையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கற்பூரப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மனிதர் எதையோ ஆசையாகப் பார்க்கிறாரே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பார்ப்பதோடு நின்றுவிடும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பழனி அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பூசைச் சாமான் கடை இருக்கிறது. என் அப்பா வழியில் வந்த கடை, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தேங்காய், பூ, விபூதி எல்லாம் வைத்திருந்தாலும் எங்கள் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எலுமிச்சம்பழம். புது வண்டி வாங்கினவர்கள், பழைய வண்டியைப் புதிதாக வாங்கினவர்கள் எல்லாரும் அடிவாரத்துக்கு வந்து பூசை போட்டுவிட்டுத்தான் ஓட்டத் தொடங்குவார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பழம். வண்டி அதன்மேல் ஏறி நசுக்கிக்கொண்டு போக வேண்டும். இன்னொரு பழத்தைச் சாமி பாதத்தில் வைத்து வாங்கி, சந்தனம் குங்குமம் இட்டு, வண்டிக்குள்ளே டேஷ்போர்டில் வைத்துவிடுவார்கள். அது அங்கேயே கிடந்து காயும். காய்ந்ததை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவர்களும் உண்டு. குப்பையில் போடாதீர்கள், ஓடுகிற தண்ணீரில் விடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்து, காய்ந்த பழம் ஒன்றைக் கையில் எடுத்தால் அது கூடையை விட்டுப் போய் எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். முதல் வாரத்தில் பளபளப்பு போகும். அப்புறம் தோல் இறுகும். ஒரு மாதத்தை நெருங்கினால் கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிடும், கத்தி வைத்தாலும் இறங்காது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கீரை விற்கிறவளுக்கு நேற்றைய கீரை எது என்று தெரியாதா, அந்த மாதிரிதான்.

என் கணவருக்கு இதெல்லாம் கேலி. "வண்டி நிக்கணும்னா பிரேக்கு நல்லா இருக்கணும். பழம் என்னா, எறங்கிப் போயி டயரப் புடிச்சுக்குமா?" என்பார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது. பழனிக்கும் கோடைக்கானலுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸை ஆண்டுக்கணக்காக ஓட்டியவர் அவர். அந்த மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு எங்கள் வீட்டு வாசற்படி மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மழை பெய்த ஒரு பிற்பகலில் அந்த பஸ் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனது. பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைப்பக்கம் அணைத்து, மண்மேட்டில் உரசி நிறுத்தினார். சிலருக்கு அடி, யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஊரே பாராட்டியது. அன்று வீட்டுக்கு வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் காலையில் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அதன்பிறகு எந்த வண்டியின் முன்னாலும் அவர் உட்காரவே இல்லை. எங்கள் ஸ்கூட்டரை நான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்கார்ந்து வருவார். மலையில் பஸ் ஓட்டினவர் பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறார் என்று அடிவாரத்தில் சிரித்தார்கள். நான் சிரித்தவர்களை முறைத்தேன். அவர் முறைக்கவும் இல்லை.

"ஏங்க, பயமா இருக்கா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"பயமா? எனக்கா? ஒண்ணும் இல்ல. போயி சோலியப் பாரு" என்பார்.

என் சங்கதி வேறு. நான் பிறவியிலேயே பயப்படுகிறவள், அதை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறவள். கேஸை மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா, கோயம்புத்தூரில் இருக்கும் மகன் போனை எடுக்கவில்லையே, ஒரு நாளில் பாதி நேரம் எனக்கு இதற்கே போய்விடும். பயப்படாதவர் வீட்டில் ஒருவராவது இருக்கிறார் என்பதுதான் எனக்கு அத்தனை காலமும் இருந்த ஒரே பிடிமானம். அவரும் பயந்தால் நான் எங்கே போவேன் என்று நினைத்துக்கொண்டே அவரிடம் பயமா பயமா என்று கேட்டுக்கொண்டும் இருந்தேன். எனக்கே என்னைப் புரியாத இடம் அது.

இந்த நிலையில்தான் கார்கள் வந்தன. விற்பனைக்கு என்று யார் யாரோ போடுகிற படங்கள். ஐதராபாத்தில் ஒன்று, கோவையில் ஒன்று, குன்னூர்ப் பக்கம் ஒன்று. நானும் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததில் கொஞ்சம் விஷயம் பிடிபட்டது. பின்பக்கம் மீன்வால் மாதிரி இறக்கை வைத்து, கூரையை மடித்துவிடுகிற கார்கள் என்றால் ஒரு வீட்டையே வாங்குகிற விலை. அவற்றை அவர் பார்ப்பதே இல்லை, விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அவர் நின்று பார்ப்பதெல்லாம் நான்கு கதவு வைத்த, குண்டான, சாதுவான கார்கள். அவற்றைச் செய்த கம்பெனிகளே மூடிப் பல காலம் ஆகியிருக்கும். உதிரிபாகம் கிடைக்காது, படத்தில் அழகாக விழாது, சினிமாக்காரர்கள் கேட்க மாட்டார்கள். அதனால் விலை குறைவு. குறைந்த விலைக்கும் கேட்க ஆளிருக்காது.

"இதுல என்னா கொறைங்கிற?" என்பார் என்னிடம். "இஞ்சின் நல்லாருக்கு. ஒடம்பு இரும்பு மாதிரி இருக்கு. இறக்க இல்லங்கிறதுக்காக ஒரு பய கேக்க மாட்டேங்குறான்."

காரைப் பற்றித்தான் சொல்கிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். கேட்டால் சோலியைப் பார்க்கச் சொல்வார். கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். கோடைக்கானலில் ஒரு பழைய பங்களா. வாரிசுகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பங்களாவை விற்கப்போகிறார்கள். ஷெட்டில் ஒரு அமெரிக்கக் கார், பச்சை நிறம், நான்கு கதவு, இப்போது ஓடாது. வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது. விலை ஏறக்குறைய மூன்று கறவை மாடு வாங்குகிற அளவுதான்.

"வாங்கி?" என்றேன்.

"முகூர்த்தத்துக்கு வாடகைக்கு விடலாம். மாப்பிள்ள அழைப்புக்கு இப்பல்லாம் பழைய பிளசர் காருதான் கேக்குறாய்ங்க."

"யாரு ஓட்டுறது?"

கைபேசியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பார்த்துவிட்டு வரலாம் என்று அந்த வாரமே கிளம்பினோம். வெள்ளனே எழுந்து, கடையை என் தங்கையிடம் விட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்கு வந்தாயிற்று. "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று போனவர் வரவே இல்லை. ஒரு பஸ் போய்விட்டது. அடுத்ததும் கிளம்புகிற நேரத்தில் மஞ்சப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். டீ குடிக்க இவ்வளவு நேரமா, டீத்தூளை மலையிலிருந்து பறித்து வந்தார்களா என்று மலைமேல் ரோடு பிரிகிற பெருமாள்மலை வரைக்கும் வைதுகொண்டு போனேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பங்களா ஒரு குறுகலான சந்தின் முடிவில் இருந்தது. வாசலில் கல் வளைவு. காவல்காரர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். ஷெட்டைத் திறந்து தார்ப்பாயை இழுத்தார். பழைய அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. முன்பக்கக் கிரில் பெரிய நிக்கல் பல்வரிசை மாதிரி இருந்தது. அது என்னைப் பார்த்துச் சிரிப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கடிக்க வருவதாகத்தான் தோன்றியது.

"தொர இருக்கிற காலத்துல ஞாயித்துக்கெழம மட்டுந்தான் எடுப்பாங்க அண்ணே. மத்த நாளெல்லாம் போர்வ போட்டுத்தான் கெடக்கும்" என்றார் காவல்காரர்.

என் கணவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், உட்காரவில்லை. எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. முன்சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம், நடுவில் தடுப்பே இல்லை. டேஷ்போர்டு வெறும் தகரம், அதற்கு அடியில் விளிம்பில்லாத ஒரு சின்னத் தகரத் தட்டு. இந்தக் காலத்து வண்டியில் பெடல்கள் மேலிருந்து தொங்கும், இதில் தரையைத் துளைத்துக்கொண்டு கீழேயிருந்து முளைத்து நின்றன. கியர் மூன்றே மூன்று. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் விழாது என்றார்.

"அப்ப இறக்கத்துல?"

"ரெண்டாவதுல வெச்சுப் புடிச்சுக்கிட்டே வரணும்."

"பிரேக்கு?"

"எல்லாம் மாத்தணும்."

அவர் குரலில் எதுவுமே இல்லை. வேறொருவர் வீட்டுக் குழாயைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி இருந்தது. நான் அந்த இரும்புப் பெடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு பெடலை நம்பி இந்த மனிதர் அதே மலையில் இறங்கப்போகிறார் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அன்றே விலை பேசி முடித்துவிட்டார். அடுத்த ஒரு மாதம் நான் நானாக இல்லை. பெருமாள்மலையைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர் பங்களா ஷெட்டிலேயே வைத்துச் சரிசெய்கிற வேலையை எடுத்துக்கொண்டார். இவர் வாரத்தில் பாதி நாள் மஞ்சப்பையோடு பஸ் ஏறி மேலே போய்விடுவார். பிரேக்குக்கு லைனிங் ஒட்டிக்கொண்டு வந்தது திண்டுக்கல்லிலிருந்து. ரப்பர், குழாய் எல்லாம் புதிது. டயரும் புதிது. ஒவ்வொரு நாளும் அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் "பிரேக்கு?" என்பதுதான் என் முதல் கேள்வி, சாப்பிட்டீங்களா என்பது அப்புறம்தான். அவருக்குத் தெரியாமல் மெக்கானிக்குக்கும் போன் போடுவேன்.

"அக்கா, நேத்துத்தான கேட்டீங்க. பிரேக்கு கல்லு மாதிரி நிக்குது. நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்பார் அவர்.

தூக்கம் எங்கே வருகிறது? கடையில் நான்கு பழம் கேட்டவருக்கு நாற்பது பழம் எண்ணினேன். கண்ணை மூடினால் பச்சைக் கார் கடிக்க வருகிறது. கார் கவிழ்வது மட்டும் என் பயம் இல்லை. நடுமலையில் அவர் கை நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். இரண்டு வருடம் தொடாத கை. அன்றைக்கு நடந்தது அந்த வளைவுகளில் எங்கோ அவருக்காகக் காத்துக்கொண்டிருக்குமே, அதைப் பார்த்ததும் என்ன ஆவார்? இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் அவர் காதுக்குப் போகும்.

வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சந்துக்குள் லாரி திரும்பாது என்றார். பெருமாள்மலை வரை ஓட்டிவந்து அங்கே ஏற்றலாமே என்றேன். கோபம் வந்துவிட்டது.

"ஏத்திக் கொண்டு வர்றதுக்கு அது என்னா பொணமா? ஓடுற வண்டிய ஓட்டித்தான் கொண்டு வரணும்."

"மெக்கானிக் தம்பி ஓட்டட்டும்."

"நான் ஓட்டுறேன்."

"அப்ப நானும் கூட வருவேன்."

என்னை ஏறெடுத்துப் பார்த்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "வா" என்றார். "ஆனா பழம் கிழம்னு எதையும் தூக்கிக்கிட்டு வராத. பூச எல்லாம் கீழ அடிவாரத்துக்கு வந்து ஒன் இஷ்டத்துக்குப் பண்ணிக்க. மேல வெச்சு நாலு பேரு பாக்க என்னையக் கேலிக்கூத்தாக்காத."

சரி என்றேன். ஊருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்புகிறவள், கட்டின புருஷனோடு அந்த மலையில் இறங்கப்போகும் நாளில் வெறுங்கையோடு பஸ் ஏறினேன். கூடையைத் தாண்டி வரும்போது ஒரு பழத்தையாவது முந்தானையில் முடிந்துகொள்வோமா என்று கை போனது. கொடுத்த வாக்கு என்று இழுத்துக்கொண்டேன்.

அவர் இரண்டு நாள் முன்னதாகவே மேலே போயிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி பங்களா வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. காகித வேலையெல்லாம் முடிந்திருந்தது. மெக்கானிக் தன் வேனில் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. என் கணவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடம் கழித்து அவரை அந்த இடத்தில் பார்க்கிறேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் காதோரம் வேர்வை வழிந்துகொண்டிருந்ததுதான் என் கண்ணில் பட்டது. கோடைக்கானல் குளிரில்.

"வேர்க்குதே" என்றேன்.

"இஞ்சின் சூடு. ஏறு."

கல் வளைவைத் தாண்டி, சந்தைத் தாண்டி, பெரிய ரோட்டுக்கு வந்தோம். ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பஸ் ஓட்டும்போது எப்படி முதுகை நிமிர்த்தி உட்காருவாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆனால் வழக்கமாக ஓட்டிக்கொண்டே எதையாவது பேசிக்கொண்டு வருகிறவர். இன்று ஒரு சொல் இல்லை. பெருமாள்மலையில் ஓரங்கட்டியபோது சுற்றுலா வந்த கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டது. காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அங்கிள், வின்டேஜ் காரா? சேலுக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இப்பத்தான் வாங்குனேன்" என்றார் என் கணவர். ஒரு மாதத்தில் அவர் முகம் மலர்ந்து பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். எனக்கு அந்த நிமிஷத்திலும் கீழே இறங்கப்போகும் ரோடுதான் ஞாபகம்.

அங்கிருந்து பழனி ரோட்டில் திரும்பினோம். இறக்கம் தொடங்கியது. இரண்டாவது கியரில் இஞ்சின் முனகிக்கொண்டே பிடித்துவர, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து எடுத்து, மிதித்து எடுத்து வந்தார். ஒவ்வொரு முறையும் வண்டி சொன்ன சொல் கேட்டது. நான் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வலித்துப்போனது. பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கீழே காப்பித் தோட்டமும் வாழையும் தெரிய ஆரம்பித்தன. முருகா முருகா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் பஸ் உரசி நின்ற அந்த மண்மேடு வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை, நேரே ரோட்டைப் பார்த்தபடி தாண்டிவிட்டார். தாண்டியாயிற்று, இனிமேல் ஒன்றும் இல்லை என்று முதன்முறையாகச் சீட்டில் சாய்ந்தேன்.

சாய்ந்த சற்று நேரத்தில் ரோடு பெயர்ந்து கிடந்த ஓர் இடத்தில் வண்டி தூக்கிப் போட்டது. டேஷ்போர்டுக்கு அடித் தட்டில் கிடந்த துணியும் சாமானும் சரிந்து உருளும் சத்தம் கேட்டது. அடுத்த வளைவு நெருங்கியது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி வேகம் குறையவில்லை.

இன்னொரு முறை மிதித்தார்.

"எறங்கல" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பெடலு எறங்க மாட்டேங்குது."

கைப்பிரேக்கை இழுத்தார், அது பேருக்குத்தான் பிடித்தது. முதல் கியர் விழாது. வண்டியை மலைப்பக்கம் அணைத்து வளைவைத் திருப்பினார், என் பக்கத்துக் கதவு புதரை உரசிக்கொண்டு போனது. நான் கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. அவர் காலைப் பார்க்க நான் குனிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சீட்டுக்கு நடுவில் தடுப்பு இல்லாததால் அப்படியே சரிந்து கீழே தலையை விட்டேன். பெடலுக்கும் தரைக்கும் நடுவில் உருண்டையாக ஒன்று சிக்கியிருந்தது. அவர் எவ்வளவுக்கு மிதிக்கிறாரோ அவ்வளவுக்கு அது இறுகியது.

"காலை எடுங்க!"

"எடுக்க மாட்டேன்."

"உள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு. காலை எடுத்தாத்தான் எடுக்க முடியும். எடுங்க!"

"எடுக்க மாட்டேன்டி! எடுத்தா போயிரும்!"

அவர் கால் மரம் மாதிரி விறைத்திருந்தது. இறக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடு என்று சொல்கிறேன். யாரிடம்? அவரிடம். எனக்கு அழுகை வந்தது. என் புறங்கையால் அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓங்கி ஒரு போடு போட்டேன். வலியில் கால் துள்ளியது. அந்த இடைவெளியில் விரலை விட்டு அந்த உருண்டையைப் பிடுங்கிவிட்டேன்.

கால் மறுபடியும் விழுந்தது. பெடல் இறங்கியது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, ஓரத்து ஓடைக்கரையில் நின்றது.

மெக்கானிக் வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "என்னாச்சுண்ணே? என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல தம்பி. கொரங்கு குறுக்க வந்திருச்சு" என்றேன், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. அந்த "ஒண்ணும் இல்ல" என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே வியப்பு. மெக்கானிக் குனிந்து சக்கரங்களைப் பார்த்துவிட்டு, சூடு ஆறட்டும் என்று வேனுக்குத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் கையை விரித்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம். சந்தனம் வெடித்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் கோடுகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் சுருங்கி, கொட்டைப்பாக்காக இறுகி, அத்தனை மிதிக்கும் நசுங்காமல் இருந்தது. நேற்று வைத்த பழமாக இருந்தால் முதல் மிதியிலேயே சாறாகப் போயிருக்கும். இது ஒரு மாதப் பழம். விரலால் தொட்டதுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் இந்தக் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நாங்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

"எங்க இருந்துங்க இது?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "அன்னிக்கு டீ குடிக்கப் போகல" என்றார்.

நான் பழத்திலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"கடைக்குப் போயி ஒன் தங்கச்சி பாக்காம கூடையில ஒண்ணு எடுத்தேன். சாமி பாதத்துல வெச்சுத் தரச் சொல்லி வாங்குனேன். பையிலயே வெச்சிருந்தேன், மேல போறப்பல்லாம். நேத்துத்தான் துணியில சுத்தித் தட்டுல ஒளிச்சு வெச்சேன். நீ பாத்தா சிரிப்பேன்னு."

நான் சிரிப்பேனாம். ஊர் முழுக்க எல்லாரும் டேஷ்போர்டில் பார்க்கும்படி வைக்கிற பழம். இந்த மனிதர் அதைக் கட்டின பெண்டாட்டியிடமிருந்து ஒளித்து, விளிம்பில்லாத தகரத் தட்டில், சரியாகப் பெடலுக்கு மேலே வைத்திருக்கிறார். பிரேக்கில் எத்தனை ஆணி, எத்தனை ரப்பர் உண்டோ அத்தனையையும் ஒரு மாதம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தவர். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது அழுகைதான். செத்துப்போயிருப்போமே என்பதற்கான அழுகை பாதி. மீதிப் பாதி வேறு. பஸ் நிலையத்தில் நான் வைதுகொண்டு நின்றபோது, இவர் பழத்தைக் கையில் மறைத்துக்கொண்டு அடிவாரத்துச் சன்னிதியில் வரிசையில் நின்றிருக்கிறார். ஒரு மாதம் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "தம்பி ஓட்டட்டுமா?" என்றேன்.

வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கீழே தூரத்தில் பழனி மலையும் கோபுரமும் வெயிலில் சின்னதாகத் தெரிந்தன. அவர் காதோரம் மறுபடியும் வேர்வை வழிந்தது. அதை ஒளிக்க வேண்டும் என்று இப்போது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். முன்சக்கரத்துக்கு அடியில், டயர் ஏறுகிற இடத்தில், அந்தப் பழத்தை வைத்தேன். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்னக் கல்லால் அண்டை கொடுத்தேன். தினமும் பத்துப் பேருக்குச் செய்து கொடுக்கிற வேலை, என் கை தானாகச் செய்தது. திரும்ப வந்து அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

"ஏங்க. பயமா இருக்கா?"

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி எங்களைத் தாண்டி மேலே ஏறிப் போனது.

"இருக்கு" என்றார்.

"எனக்கும்தான். எடுங்க வண்டிய."

கைப்பிரேக்கை விட்டார். முன்சக்கரம் ஏதோ ஒன்றின்மேல் ஏறி இறங்குவது சீட்டு வரைக்கும் தெரிந்தது. முதல் வளைவைத் திருப்பி முடித்தார். அப்புறம் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"இவளே, பழம் நசுங்குச்சா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நசுங்கிருச்சுங்க" என்றேன்.